அடி வாங்காமல் கற்ற கெட்ட வார்த்தைகள்

வேலைக்காக இங்கிலாந்து போன முதல் வருடம். லீட்ஸ் நகரில் ஓர் அலுவலகம். நான் மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த கோப்பின் மேல், கூட வேலை பார்த்தவர் தன்னுடைய பழைய கோப்பைப் போட்டு அழித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நம் ஊர் சினிமாவில் வில்லனின் சட்டையைப் பிடித்துக் கதாநாயகன் என்ன சொல்வாரோ, அதையே எடுத்து வீசினேன்: "யூ ராஸ்கல்!" மனிதர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அங்கே 'ராஸ்கல்' என்பது தாத்தா பேரனைப் பார்த்துச் சொல்லும் சொல் என்று பிறகுதான் தெரிந்தது. பிஸ்கட் டப்பாவைக் காலி செய்த ஐந்து வயதுப் பையனை அப்படித்தான் கொஞ்சுவார்களாம். நான் கொதித்துப்போய்ச் சொன்னது அவர் காதில் 'அடப் போக்கிரிப் பயலே' என்று விழுந்திருக்கிறது.

அதே ஆள் அரை மணிக்கு ஒருமுறை எஃப் சொல்லை, அதாவது எஃப் எழுத்தில் தொடங்கும் அந்த ஆங்கிலக் கெட்ட வார்த்தையை, சொல்வார். பிரிண்டரில் தாள் சிக்கினால் சொல்வார், மழை வந்தால் சொல்வார், வெயில் அடித்தால் ஆச்சரியத்தில் சொல்வார். முதல் வாரம் முழுக்க, எங்கேயோ சண்டை நடக்கிறது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறகு என்று நினைத்த சொல் எனக்குக் கல்லாகத் தெரிந்தது. நான் கல் என்று எறிந்தது அவர் மேல் இறகாக விழுந்தது.

கெட்ட வார்த்தை விஷயத்தில் அடிப்படை இதுதான். ஒரு சொல்லுக்குப் பொருள் என்று ஒன்று உண்டு. கனம் என்று வேறொன்று உண்டு. பொருளை அகராதி சொல்லிவிடும். கனத்தைச் சொல்லாது, மிஞ்சிப்போனால் ஓரத்தில் 'கொச்சை' என்று ஒரு குறிப்புப் போடும். தாய்மொழியில் அந்தக் கனம் நமக்கு எப்படித் தெரிந்தது? யாரும் பாடம் நடத்தவில்லை. நாலு வயதில் தெருவில் கேட்ட ஒரு சொல்லை, அர்த்தம் தெரியாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் சொல்லிப் பார்த்தோம். பாட்டியின் முகம் மாறியது. அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "இன்னொரு தடவ சொன்னே, வாயில மொளகாப்பொடி போட்டுருவேன்." ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு மிளகாய்ப்பொடிக்குப் பதில் சோப்பு. வாயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன் என்பதுதான் அந்த ஊர் மிரட்டல். மிளகாயோ சோப்போ, சொல்லோடு சேர்த்துக் கொஞ்சம் பயத்தையும் கொஞ்சம் வெட்கத்தையும் உடம்புக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பொருள் தெரியும் முன்பே கனம் தெரிந்துவிடுகிறது.

பள்ளியில் கற்ற மொழியில் இந்த வரிசை தலைகீழ். முதலில் பொருள் வருகிறது. கனம் பல வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். நம்மில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் வகுப்பறையில் வந்தது. அங்கே செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் இருந்தன, எஃப் சொல் இல்லை. அதை ஹாலிவுட் படமும் கல்லூரி விடுதியும் இப்போது வெப் சீரிஸும் சொல்லிக்கொடுத்தன. முதன்முதலாகச் சொன்னபோது யாரும் கிள்ளவில்லை. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் விசில் அடித்திருக்கவும் கூடும். அடி வாங்காமல் கற்ற சொல் அது. அதனால்தான் அதன் கனம் நம் கைக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

நான் இப்போது செய்துகொண்டிருப்பதையே பாருங்களேன். 'ஷிட்' என்று இந்தக் கட்டுரையில் எழுத எனக்குத் தயக்கமே இல்லை. அதே பொருள் தரும் தமிழ்ச் சொல் ஓரெழுத்துதான், அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இரண்டும் குறிப்பது ஒரே பொருளைத்தான். எஃப் சொல்லையும், சி எழுத்தில் தொடங்கும் அதைவிடக் கடுமையான சொல்லையும் முதலெழுத்தோடு நிறுத்துவதும் எனக்குக் கூச்சம் என்பதால் இல்லை. படிக்கிறவர்களில் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு உறுத்தும் என்ற யோசனைதான்.

இதை ஆய்வுக்கூடத்திலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் காத்தரின் ஹாரிஸும் உடன் இருவரும் செய்து 2003ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னால் கற்ற 32 பேரை அழைத்தார்கள். விரல் நுனியில் மின்வாய் பொருத்தினார்கள். மனம் பதறினால் விரலில் நுண்ணிய வியர்வை ஊறும், தோலில் மின்சாரம் ஓடும் அளவு கூடும், கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட வார்த்தைகள் இரண்டு மொழியிலும் பதற்றத்தைத் தந்தன, தாய்மொழியில் கூடுதலாக. ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. 'வெட்கமா இல்லே உனக்கு?' என்கிற மாதிரி, குழந்தையாக இருந்தபோது பெரியவர்கள் அதட்டும் வாக்கியங்களையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். துருக்கியில் கேட்டபோது முப்பது வயது ஆளுக்கும் விரல் வியர்த்தது. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தபோது பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் அவர்களை அதட்ட அம்மா இல்லையே.

இன்னொரு சோதனை இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. உளவியலாளர் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் தன் மாணவர்களை, பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரில் கையை வைத்துக்கொண்டு தாங்குகிற வரை தாங்கச் சொன்னார். ஒரு முறை சாதாரணச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஒரு முறை கெட்ட வார்த்தையை. கெட்ட வார்த்தை சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள். 2009ல் வெளியான இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு அடுத்த வருடமே கிடைத்தது. ஆனால் நம் விஷயத்துக்குத் தேவையானது அவரே 2020ல் வெளியிட்ட இன்னொன்று. 'ஃபவுச்', 'ட்விஸ்பைப்' என்று இரண்டு போலிக் கெட்ட வார்த்தைகளைப் புதிதாக உருவாக்கிச் சொல்லவைத்தார்கள். கேட்க வசவு மாதிரித்தான் இருக்கின்றன. வலி தாங்கும் நேரம் மட்டும் ஒரு துளியும் கூடவில்லை. சத்தம் போதாது, அந்தச் சொல்லோடு சேர்ந்து வளர்ந்த வாழ்க்கையும் வேண்டும் போலிருக்கிறது.

இதற்குக் கருவியெல்லாம் வேண்டாம். இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளும்போது உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது எந்த மொழி என்று கவனியுங்கள். 'அம்மா' வந்தால் நீங்கள் நல்ல பிள்ளை. வேறு ஏதாவது வந்தாலும் அது பெரும்பாலும் தமிழாகத்தான் இருக்கும். பக்கவாதத்தால் பேச்சு போனவர்களில் சிலருக்கு ஒரு வாக்கியம் கோக்க முடியாத நிலையிலும் வசவு மட்டும் தெளிவாக வரும் என்பதை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். யோசித்துப் பேசும் பேச்சுக்கும் தன்னை மீறி வரும் பேச்சுக்கும் மூளையில் ஒரே பாதை இல்லை.

சரி, கனம் குறைவாகத் தெரிகிறது என்றால், தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எல்லாரும் இஷ்டத்துக்குத் திட்டிக்கொண்டிருக்க வேண்டுமே? அங்கேதான் ஒரு திருப்பம். லண்டன் பர்பெக் கல்லூரியின் ழான் மார்க் டெவாலே இருபது வருடத்துக்கு மேலாக இதையே துருவிக்கொண்டிருந்த மொழியியலாளர். 2016ல் வெளியான அவருடைய ஆய்வில், 30 ஆங்கில வசைச் சொற்களையும் சாதாரண ஏசல்களையும் வரிசைப்படுத்தித் தந்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 1159 பேரையும், பின்னால் கற்ற 1165 பேரையும் மதிப்பிடச் சொன்னார். பின்னால் கற்றவர்கள் பெரும்பாலான சொற்களை உண்மையில் இருப்பதைவிடக் கடுமையானவை என்று மதிப்பிட்டார்கள். 'சில்லி', 'டாஃப்ட்' (அசடு) மாதிரியான சப்பைச் சொல்லுக்குக்கூடக் கொஞ்சம் பயந்தார்கள். பட்டியலிலேயே மிகக் கடுமையான சொல்லை மட்டும் குறைத்து மதிப்பிட்டார்கள்.

யோசித்தால் இது நியாயம்தான். இருட்டில் தெரியாத வீட்டில் நடப்பவர் சமதரையிலும் காலைத் தடவித் தடவித்தான் வைப்பார், பள்ளம் எங்கே என்று தெரியாமல் அதில் விழவும் செய்வார். சின்னச் சொற்களை நாம் ஒவ்வொன்றாக, தனித்தனியாகக் கற்றோம். வரிசையில் எது மேல், எது கீழ் என்று யாரும் சொல்லவில்லை. மிகக் கடுமையான சொல்லை வெள்ளைக்காரர்களே அதிகம் வெளியில் பேசமாட்டார்கள் என்பதால் நாம் அதைக் கேட்டது குறைவு. கேட்டது குறைவானால் கனமும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டும் கற்றவர்களைவிட, அந்த மொழி பேசும் ஊரில் வாழ்ந்து கற்றவர்களுக்குக் கனம் கூடுதலாகத் தெரிகிறது என்பதும் டெவாலேயின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கும் அப்படியே.

'கனம்' என்பது ஆங்கிலத்துக்கு ஒட்டுமொத்தமாக ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். 'பிளடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 ஏப்ரலில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் லண்டனில் மேடையேறியபோது, அந்தச் சொல்லுக்காகவே ஊர் ரகளைப்பட்டது. பூ விற்கும் ஏழைப் பெண்ணுக்குச் சீமாட்டிபோல் உச்சரிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு பெரிய வீட்டுத் தேநீர் விருந்துக்கு அழைத்துப் போகிறார்கள். உச்சரிப்பு அப்பழுக்கில்லை. ஆனால் போகிறபோது ஒரு 'பிளடி' போட்டுவிட்டுப் போகிறாள். மொழியைக் கற்றுக்கொண்டு அதன் கனத்தைக் கற்காத ஆளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அவள் வெளிநாட்டுக்காரிகூட இல்லை. இன்று பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பாதிக் காரம்கூட இல்லை. அமெரிக்கருக்கு அது வசவே அல்ல, 'பிரிட்டிஷ்காரர் பேசுகிறார்' என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். இந்தியாவில் அது இன்னும் கொஞ்சம் காரத்தோடு உயிரோடிருக்கிறது. நம் மேலதிகாரி 'பிளடி ஃபூல்' என்றால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

'பாஸ்டர்ட்' என்ற சொல் இதைவிட மோசமாக மாட்டிக்கொண்ட ஒன்று. கிரிக்கெட் பார்ப்பவர்கள் 2008 ஜனவரி சிட்னி டெஸ்டை மறந்திருக்கமாட்டார்கள். ஹர்பஜன் சிங், ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் 'குரங்கு' என்று சொன்னார் என்பது ஆஸ்திரேலியாவின் புகார். குரங்கு என்று சொல்லவே இல்லை, அவர் சொன்னது தாயைக் குறிக்கும் ஓர் இந்தி வசவு, அதன் ஒலி ஆஸ்திரேலியர் காதில் 'மங்கி' என்று விழுந்தது என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். முதலில் மூன்று டெஸ்ட் தடை. மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் இனவெறிக் குற்றச்சாட்டை ஏற்காமல், வசைபாடியதற்காக மட்டும் ஆட்டத்துக்கான சம்பளத்தில் பாதியை அபராதமாக்கினார். கொஞ்சம் நின்று பாருங்கள்: நம்மவர்கள் தற்காப்புக்கு எடுத்து வைத்தது, நம் வீடுகளில் கேட்டால் கை ஓங்கவைக்கும் ஒரு தாய் வசவு. ஆஸ்திரேலியருக்கு அது வெறும் மைதானத்து ஏச்சு. இனத்தைத் தொடும் சொல்தான் அவர்களுக்கு எல்லை தாண்டியது.

அதே ஆட்டத்தில் எதிர்த்திசையிலும் ஒரு புகார் போனது. பிராட் ஹாக், கும்ப்ளேயையும் தோனியையும் 'பாஸ்டர்ட்' என்று சொன்னதாக இந்தியா புகார் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் அது நண்பனை வரவேற்கக்கூடப் பயன்படும் சொல். பாவப்பட்டவனும் பாஸ்டர்ட், அதிர்ஷ்டக்காரனும் பாஸ்டர்ட். நமக்கோ அது பிறப்பைப் பற்றியது, அதாவது அம்மாவைப் பற்றியது. மொழிபெயர்த்துக் கேட்கும் காதுக்கு அது வசவில்லை, குற்றச்சாட்டு. பிறகு இந்தியத் தரப்பே அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு அணியுமே ஆங்கிலத்தில்தான் பேட்டி கொடுத்தார்கள், இரண்டு அணிக்கும் அது ஒரே ஆங்கிலமாக இருக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எது கெட்டது என்பதை ஒவ்வொரு ஊரும் தன் பயத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுபவர்களின் கொடிய வசவுகள் எல்லாம் தேவாலயச் சாமான்கள்: நற்கருணைப் பேழையும் பூசைக் கிண்ணமும். பாதிரிமார் பிடியில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர். நெதர்லாந்தில் நோய்களைச் சொல்லித் திட்டுகிறார்கள். புற்றுநோய் அங்கே வசவு. நமக்கு அம்மா, அக்கா, சாதி. போதாததற்குத் தமிழில் திட்ட வசைச்சொல்லே தேவையில்லை. 'வாங்க' என்று கூப்பிட வேண்டியவரை 'வாடா' என்றால் முடிந்தது. ஒரு விகுதி போதும், வெட்டுக்குத்து வரை போகும். ஆங்கிலத்தில் கலெக்டருக்கும் 'யூ', கழுதைக்கும் 'யூ'. இந்த ஆயுதம் கையில் இல்லாததால்தான், நம்மவர் ஆங்கிலத்தில் சண்டை போடும்போது குரலை உயர்த்தி 'மிஸ்டர்!' என்று ஆரம்பிக்கிறார்கள் என்பது என் சொந்த அனுமானம்.

ஒரு மொழியின் வசவு இன்னொரு மொழிக்குள் குடியேறும்போது கனத்தை எல்லையிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவதும் உண்டு. ஜெர்மன் மொழியில் 'ஷிட்ஸ்டார்ம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இணையத்தில் ஒருவரை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து திட்டித் தீர்ப்பதற்குப் பெயர். 2013ல் டூடன் அகராதியிலும் ஏறிவிட்டது. 2018 டிசம்பரில் சான்சலர் அங்கேலா மெர்க்கல் ஒரு மாநாட்டு மேடையில் சர்வ சாதாரணமாக அதைச் சொன்னார், ஜெர்மானியர் யாரும் திகைக்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகள்தான் திகைத்தன. கியூபெக்கில் எஃப் சொல்லிலிருந்து பிறந்த சொல் 'பழுதாகிவிட்டது, குழம்பிவிட்டது' என்ற அளவில்தான் புழங்குகிறது.

பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழிக்கு வந்தால் இது உச்சம். ஆங்கில மாலுமிகளும் தோட்ட முதலாளிகளும் பேசிய பேச்சிலிருந்து உருவான மொழி அது. அவர்கள் வாயில் என்ன வந்ததோ அதுதான் அங்கே சொல்வளம். 'பகரப்' என்றால் பழுதடைந்தது. வண்டி பகரப், சாலை பகரப். மூலம் ஆங்கில 'பக்கர் அப்'. 'சிட்' என்றால் கசடு. அடுப்புச் சாம்பலுக்கு 'சிட் பிலோங் பாயா', அதாவது நெருப்பின் கசடு. பின்புறத்துக்கான கொச்சைச் சொல்லிலிருந்து வந்த 'ஆஸ்' என்பதற்கு அடி, வேர், மூலம் என்று பொருள் விரிந்து, 'ஆஸ் ப்ளெஸ்' என்றால் சொந்த ஊர் ஆகிவிட்டது. ஒருவர் தன் பூர்வீக ஊரைப் பெருமையோடு சொல்லும் சொல். வேடிக்கை என்னவென்றால், நான் லீட்ஸில் அவமானப்பட்ட 'ராஸ்கல்' அங்கே 'ரஸ்கோல்' என்ற பெயரில் கொள்ளைக் கும்பல்காரனைக் குறிக்கிறது. பொருளைப் பொறுத்தவரை அந்த நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியும் நம் கோடம்பாக்கமும் ஒரே கட்சி.

அந்த 'பக்கர்' நமக்குப் பக்கத்திலும் இருக்கிறது. இலங்கையில் ஆங்கிலம் பேசுபவர்களிடம் அது 'ஆள்', 'பயல்' என்ற அளவில்தான். 'புவர் பக்கர்' என்றால் 'பாவம் மனுசன்'. பிரிட்டனிலும் அந்தப் பரிதாபப் பயன்பாடு உண்டு. ஆனால் சொல்லின் பூர்வீகம் பரிதாபமானதல்ல: இடைக்கால ஐரோப்பாவில் பல்கேரியர் என்ற பெயரைச் சமய விரோதிகளுக்குச் சூட்டி, அதிலிருந்து முறைகேடான உறவு கொள்பவர் என்று பொருள் திரிந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழர் ஆங்கில வசவைப் பயன்படுத்துவதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அது பல நேரங்களில் வசவே இல்லை, மரியாதை. நன்னூலில் இடக்கரடக்கல் என்று ஒன்று படித்திருப்போம். சபையில் சொல்லக்கூடாததை மறைத்து வேறு விதமாகச் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்பது பாடப்புத்தக உதாரணம். இப்படி மறைக்க வேண்டிய சொல்லைத் தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்கிறது. இன்றைக்கு நமக்கு இடக்கரடக்கல் என்றாலே ஆங்கிலம்தான். டாக்டர் 'மோஷன் போச்சா?' என்கிறார். 'யூரின் டெஸ்ட்' எடுக்கிறோம். 'பீரியட்ஸ்' என்று சொல்லிக் கடைக்காரரிடம் நாப்கின் கேட்க முடிகிறது. செக்ஸ் என்பதற்குத் தமிழில் சொல் இல்லாமலா? இருக்கிறது, எல்லாமே ஒன்று கவிதையாக இருக்கிறது அல்லது வசவாக இருக்கிறது. கனமில்லாத நடுச்சொல் தேவைப்படும்போது ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹாங்காங்கில் 1986ல் இதையே சோதித்தார்கள். சீன மாணவிகள் சங்கடமான விஷயங்களைத் தாய்மொழியில் பேசியதைவிட ஆங்கிலத்தில் அதிக நேரம் பேசினார்கள்.

அப்படியானால் எஃப் சொல்லும் ஒருவகை இடக்கரடக்கலே. சென்னையில் ஐடி அலுவலகத்து மதிய உணவு மேசையில் அதை நாலு பேர் முன்னால் சொல்லும் பெண்ணை எனக்குத் தெரியும். அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை அவர் வாழ்நாளில் உச்சரித்திருக்கமாட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ் வசவுகளில் முக்கால்வாசி பெண்ணின் உடம்பை வைத்துச் செய்தவை. கோபம் வந்தால் ஒரு பெண் தன்னையே திட்டிக்கொள்கிற மாதிரி. ஆங்கிலச் சொல் அவருக்குக் காலிப் பாத்திரம், தன் எரிச்சலை மட்டும் அதில் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் இதற்கு அடியில் வர்க்கக் கணக்கும் ஓடுகிறது, அதை மறைப்பானேன். ஆட்டோக்காரர் தமிழில் திட்டினால் 'லோக்கல்'. அதே திட்டை மேனேஜர் ஆங்கிலத்தில் திட்டினால் 'ஃப்ராங்க்'. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 296. 'தகாத வார்த்தைகளால் திட்டியதாக' என்று செய்தியில் படிக்கிறோமே, அந்தத் தகாத வார்த்தைகள் ஆங்கிலமாக இருந்ததாக நான் படித்ததில்லை.

பயன்படுத்துவதில் எங்கே தடுக்கும் என்றால், பெரும்பாலும் இலக்கணத்தில். ஆங்கில வசவுக்கு இடம் உண்டு. 'அப்சலூட்லி' என்ற சொல்லின் நடுவில் எஃப் சொல்லைச் செருகுவார்கள், ஆனால் கண்ட இடத்தில் செருகமாட்டார்கள். அழுத்தம் விழும் 'லூட்' என்ற அசைக்குச் சற்று முன்னால்தான் வரும். இந்த விதியை யாரும் கற்பதில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து கேட்டவருக்குத் தவறியதே கிடையாது. நாம் ஓரசை தள்ளிச் செருகினால் திட்டு நகைச்சுவை ஆகிவிடும். அப்புறம் சுருக்கெழுத்துகள். 'டபிள்யூ டி எஃப்' என்பதை வெறும் ஆச்சரியக்குறி என்று நினைத்து, வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் போட்டுவிட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். விரித்துச் சொல்லிக் காட்டியபோது முகம் வெளிறிவிட்டது.

ஒன்றை மட்டும் விளையாட்டில் சேர்க்கமுடியாது. கறுப்பினத்தவரைக் குறிக்கும், 'N' எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல், ராப் பாட்டு வழியாக நம் பையன்கள் வாய்க்கு வந்துவிட்டது. அது வசவு வகை இல்லை, நம் ஊரில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதன் வகை. அந்த இனத்தவர் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வேறு, வெளியாள் சொல்வது வேறு. இது தமிழருக்குப் புரியாத விஷயமே அல்ல.

இன்னொரு விசித்திரம்: கற்ற மொழியின் கனம் ஏற ஏற, அது தாய்மொழிக்குள்ளும் கசியத் தொடங்கும். அமெரிக்க மொழியியலாளர் மேரி ஹாஸ் 1951ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் படித்த தாய்லாந்து மாணவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் தங்கள் சொந்த மொழியின் சில சாதுவான சொற்களைத் தவிர்த்தார்கள், தங்களுக்குள் தாய்லாந்து மொழியில் பேசும்போதுகூட. மிளகாய்க்கான தாய்லாந்துச் சொல், ஆங்கிலத்தில் ஆண்குறிக்கான கொச்சைச் சொல் மாதிரி ஒலிக்கும். மிளகாய் இல்லாமல் தாய்லாந்துக்காரர் என்ன பேசுவது? ஆஸ்திரியாவில் எஃப் சொல்லை அப்படியே பெயராகக் கொண்ட ஒரு சிற்றூர் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதில் ஒரு விகற்பமும் இல்லை. பெயர்ப்பலகையைத் திருடவும் அதன் பக்கத்தில் நின்று படமெடுக்கவும் வந்த கூட்டத்துக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல், 2021 ஜனவரி 1 முதல் ஊரே தன் பெயரை 'ஃபுகிங்' (Fugging) என்று மாற்றிக்கொண்டது.

அடுத்த தலைமுறையில் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது. என் அக்கா குடும்பம் டொரன்டோவில் இருக்கிறது. அவள் மகளுக்கு ஆறு வயது. எங்கள் அம்மா போய் மூன்று மாதம் தங்கியிருந்தார். அம்மாவின் வாய் எங்கள் தெருவுக்கே தெரியும். 'கட்டையில போறவனே', 'நாசமாப் போறவளே' எல்லாம் அவருக்கு நிறுத்தற்குறிகள் மாதிரி. குழந்தை அவற்றைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், பள்ளித் தோழிகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். அம்மா துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல், செல்லமாக, "ஸ்டுப்பிட்" என்றார்.

அக்கா போனில் சொன்னாள்: குழந்தையின் உதடு துடித்ததாம், கண் நிறைந்துவிட்டதாம். மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "பாட்டி எஸ் வேர்ட் சொல்லிட்டாங்க" என்று அழுதிருக்கிறாள். அம்மா கீழே துணியோடு நின்றுகொண்டு, "அப்படி என்னடி சொல்லிட்டேன் நான்?" என்று கேட்டாராம்.